சம்பளம் ஆட்டம் கண்டால் கார் ஆசை என்னவாகும்?

வேலை நிலைக்குமா என்ற சந்தேகம் வந்ததும் வீட்டு பட்ஜெட்டில் முதல் வெட்டு எதில் விழும்? அரிசி, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஓ.டி.டி. சந்தா, வெளியே சாப்பிடுவது, புது போன் என்று ஒவ்வொன்றாகக் குறையும். கார் பிரியர்கள் வீட்டில் இந்தப் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளும். போட நினைத்திருந்த அலாய் வீல், மாற்ற நினைத்திருந்த ஸ்பீக்கர், ‘இந்த வருஷமாவது’ என்று காத்திருந்த டிராக் டே எல்லாமே அடுத்த வருஷத்துக்குப் போகும்.

தமிழ்நாட்டில் கார் ஆர்வம் உச்சத்தில் இருக்கும் நேரம் இது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் சீறிப் பாய்ந்தன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட லேப் டைம் பற்றிப் பேசினார்கள். அதே 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இந்தச் செய்திகள் எல்லாம் ஒரே இளைஞரின் போனுக்குத்தான் வந்து சேர்கின்றன.

அப்படியானால் கார் செலவை நிறுத்திவிட வேண்டுமா? பாதியாகக் குறைத்தால் போதுமா? இருக்கிற வண்டியை இப்பவே வித்துடணுமா? “எல்லாம் ஆடம்பரம்தானே, நிறுத்து” என்று சொல்வது சுலபம். ஆனால் கடந்த சில மந்தநிலைகளில் நடந்ததைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கார் பிரியர்களுக்குப் பெரிய அடியைத் தருவது பெரும்பாலும் அந்த ஆசைக்காக வாங்கிய கடன்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது, தப்பான நேரத்தில் வண்டியை விற்க வேண்டி வருகிறது. நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பணம் எங்கே போகிறது?

கார் என்ற பொழுதுபோக்கில் பணம் நான்கு வழிகளில் செலவாகிறது.

முதலாவது, வாங்குவது. புது வண்டியாகவும் இருக்கலாம், சின்ன வயதில் ஆசைப்பட்ட பழைய மாடலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, அழகுபடுத்துவதும் மாற்றியமைப்பதும். அலாய் வீல், பாடி கிட், எக்ஸாஸ்ட், இன்ஜின் கணினியை ரீமேப் செய்வது, பெயின்ட்டைக் காக்கும் பி.பி.எஃப். படலம், செராமிக் கோட்டிங் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது, ஓட்டுவது. பெட்ரோல், டோல், நீண்ட பயணம், கார்ட்டிங், இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ ஒரு நாள்.

நான்காவது, பராமரிப்பது. ஆயில், டயர், பிரேக், பேட்டரி, இன்ஷூரன்ஸ்.

பொருளாதாரம் தளரும்போது இந்த நான்கும் ஒரே அளவில் குறைவதில்லை. வாங்குவது சட்டென்று நின்றுவிடும். “இன்னும் ரெண்டு வருஷம் இதையே ஓட்டலாம்” என்று முடிவெடுக்க ஒரு ராத்திரி போதும். மாற்றியமைக்கும் வேலையும் அப்படித்தான், தள்ளிப்போட்டால் வண்டி நின்றுவிடாது. ஓட்டுவது கொஞ்சம் குறையும். பராமரிப்பு மட்டும் குறையாது. புது வண்டி வாங்காதவர் பழையதை ஓட்டித்தான் ஆக வேண்டும், பழையதாக ஆக அது கூடுதலாகக் கேட்கும். ஆக, வாங்குவதற்கு வைத்திருந்த காசில் ஒரு பகுதி வண்டியைக் காப்பாற்றும் பக்கம் போகிறது.

2008: தள்ளிப்போன கனவுகள்

இதைப் பெரிய அளவில் காட்டியது அமெரிக்கா. 2007-ல் அங்கே சுமார் 1.61 கோடி புது வாகனங்கள் விற்றன. வங்கிகள் கவிழ்ந்த பிறகு, 2009-ல் அது சுமார் 1.04 கோடியாகச் சரிந்தது. 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் பாதுகாப்புக் கோரின.

ஆசைக்கான செலவைப் பெரிய நிறுவனங்களும் முதலில்தான் வெட்டின. 2008 டிசம்பர் முதல் வாரத்தில் ஹோண்டா ஃபார்முலா 1-லிருந்து விலகியது. அதே மாதம் சுஸுகியும் சுபாருவும் உலக ராலி சாம்பியன்ஷிப்பை விட்டு வெளியேறின. அடுத்த ஆண்டு பி.எம்.டபிள்யூ.வும் டொயோட்டாவும் ஃபார்முலா 1-க்கு விடை கொடுத்தன. ஆயிரக்கணக்கான கோடி புரளும் நிறுவனத்துக்கே ரேஸ் என்பது தள்ளிப்போடக்கூடிய செலவு என்றால், மாதச் சம்பளக்காரர் டிராக் டேயைத் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் சாலையில் கார்கள் குறைந்துவிடவில்லை, அவற்றின் வயது கூடியது, அவ்வளவுதான். அந்தச் சரிவு நேரத்தில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய வாகனங்களின் சராசரி வயது சுமார் 10 ஆண்டுகள். 2024-ல் அது 12.6 ஆண்டுகள். வண்டிகளின் தரம் உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். புதுசு வாங்கத் தயங்கியவர்கள் பழையதைப் பார்த்துப் பார்த்து ஓட்டியது இன்னொரு காரணம்.

2019: நம்ம ஊர் அனுபவம்

இந்தியாவுக்கு இது 2019-ல் வந்தது. 2018-19 நிதியாண்டில் சுமார் 33.8 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்றன. அடுத்த ஆண்டு அது சுமார் 27.7 லட்சம், கிட்டத்தட்ட 18 சதவீதச் சரிவு. 2019 ஆகஸ்ட் மாத விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலைக்கு வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன.

அந்த செப்டம்பரில் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இன்றைய இளைஞர்கள் ஈ.எம்.ஐ. கட்டி கார் வாங்குவதைவிட ஓலா, உபர், மெட்ரோவை விரும்புவதும் சரிவுக்கு ஒரு காரணம் என்று சொன்னார். சமூக ஊடகங்களில் கிண்டல் மழை பொழிந்தது. உண்மையில் அந்தப் பேச்சில் பாதி சரி. ஈ.எம்.ஐ. மீது இளைஞர்களுக்குப் பயம் இருந்தது நிஜம். ஆனால் கார் மீதான ஆசை போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 2020 ஏப்ரலில் ஊரடங்கு காரணமாக மாருதி சுஸுகி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. கதவு திறந்ததும் கூட்டம் திரும்பி வந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்கிக்கொண்டு போகத் தயங்கிய பலர் முதலில் தேடியது பழைய கார்களைத்தான்.

இலங்கை: காசு இருந்தும் வாங்க முடியாத காலம்

இன்னும் கடுமையான பாடம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்தது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்!

நடுவில் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2022-ன் தொடக்கத்தில் லிட்டர் 177 ரூபாயாக இருந்த 92 ஆக்டேன் பெட்ரோல், ஜூன் இறுதியில் 470 இலங்கை ரூபாயானது. பிறகு க்யூ.ஆர். கோடு முறை வந்தது. ஆரம்பத்தில் ஒரு காருக்கு வாரம் 20 லிட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு ரவுண்டு போவது என்பதெல்லாம் அந்த வாரங்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது.

அங்கே ஒரு விநோதமும் நடந்தது. புது வண்டிகள் வராததால் பழைய கார்களின் விலை ஏறியது. சில ஆண்டுகள் ஓட்டிய காரை வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்க முடிந்தது. கேட்கும்போது லாபம் மாதிரி இருக்கும். ஆனால் ரூபாயின் மதிப்பு விழுந்து, 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட நாட்டில், விற்று வந்த காசில் அதே மாதிரி வண்டியைத் திரும்ப வாங்க முடியாது. வண்டியை விற்காமல், ஓடும் நிலையில் வைத்திருந்தவர்தான் தப்பித்தார்.

வடக்கு இலங்கைக்கு இது புதிதல்ல. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது அரிதானபோது, ஆஸ்டின், மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோல் விட்டு இன்ஜினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதைச் செய்யக் காசைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது கார்புரேட்டரைப் புரிந்துகொண்ட கை. அப்படிக் காப்பாற்றப்பட்ட கார்கள் போர் முடிந்த பிறகும் யாழ்ப்பாண வீதிகளில் ஓடின.

விலை விழுந்தால் யாருக்கு வலிக்கும்?

“நல்ல கார் ஒரு முதலீடு, விலை ஏறத்தான் செய்யும்” என்று சொல்பவர்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் தேடும் அபூர்வ கார்களுக்கு அது நீண்ட காலத்தில் உண்மையாகியும் இருக்கிறது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. இதற்கு உதாரணம். 1980-களின் இறுதியில், ஜப்பானியப் பணம் பாய்ந்த நேரத்தில், இந்த மாடல் கார் 1 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. குமிழி உடைந்ததும் 1990-களின் நடுவில் அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 2018-ல் ஒரு 250 ஜி.டி.ஓ. அமெரிக்காவில் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இந்த மாடலை 1989-ல் வாங்கி, சொந்தக் காசில் 2018 வரை வைத்திருக்க முடிந்தவர் சிரித்திருப்பார். கடன் வாங்கி வாங்கி, 1994-ல் விற்க நேர்ந்தவர் அழுதிருப்பார். கார் ஒரே கார்தான். ஒருவருக்குக் காத்திருக்க வசதி இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

சென்னை ஓ.எம்.ஆரில் ஓடும் ஹேட்ச்பேக் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது எவ்வளவு நாள் காத்திருந்தாலும் ஏறப்போவதில்லை. இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையே மூன்று வருஷம் தாண்டிய காருக்கு 40 சதவீதமும், நான்கு வருஷம் தாண்டினால் 50 சதவீதமும் கழித்துவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால்

ஷோரூம் விலை 10 லட்சம் ரூபாய் உள்ள ஒரு கார். 28 வயது இளைஞர் ஒருவர் 8 லட்சம் கடன் வாங்கி எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 9.5 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 13,075 ரூபாய். ரெண்டு வருஷம் கழித்து, பெர்சனல் லோன் 2 லட்சம் எடுத்து அலாய் வீல், எக்ஸாஸ்ட், ஆடியோ, பி.பி.எஃப். எல்லாம் போடுகிறார். 14 சதவீத வட்டி, மூன்று வருஷம் என்றால் அதற்குத் தவணை சுமார் 6,835. இரண்டும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 20,000. சம்பளம் வரும்வரை பிரச்சினையில்லை.

வண்டிக்கு மூன்று வயது முடிந்தவுடன் வேலை போகிறது. அப்போது கார் கடனில் பாக்கி சுமார் 5.2 லட்சம். பெர்சனல் லோனில் பாக்கி சுமார் 1.42 லட்சம். மொத்தம் 6.62 லட்சம். மேலே சொன்ன அட்டவணைப்படி வண்டியின் மதிப்பு 6 லட்சம். அந்த விலைக்கே விற்றாலும் வண்டியும் போய், 62,000 ரூபாய் கடனும் மிஞ்சும்.

அந்த 2 லட்சத்தைக் கடனாக வாங்காமல் இருந்திருந்தால்? கார் கடனை அடைத்த பிறகு 80,000 ரூபாய் கையில் நின்றிருக்கும். வேலை தேடும் ரெண்டு மூன்று மாதத்துக்கு அது வாடகை.

பழைய கார் வாங்க வருபவர் அலாய் வீலுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போட்ட காசைத் திருப்பித் தர மாட்டார். பல நேரம், “வண்டியை ரொம்ப விரட்டியிருப்பாங்க போல” என்று விலையைக் குறைத்துக் கேட்பார். கிரெடிட் கார்டில் தேய்த்திருந்தால் கணக்கு இன்னும் கசக்கும். பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. “விலை இறங்கிடுச்சு, இப்பவே எடுத்துடலாம்” என்று தோன்றுவது இயல்பு. ஆனால் புது வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் சேர்ந்து இறங்கும். வாங்குபவருக்குக் கிடைத்த சலுகை, அவசரத்துக்கு விற்பவருக்கு இன்னொரு அடி.

மாற்றியமைத்தால் சட்டமும் பார்க்கும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் வந்து நிற்கும். நல்ல காலத்தில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. கையில் காசில்லாத மாதத்தில் ஒரு அபராதமும் ஒரு மறுக்கப்பட்ட க்ளெய்மும் வந்தால், வண்டியே மெக்கானிக் ஷெட்டில் தங்கிவிடும்.

வெட்டக் கூடாத இடத்தில் வெட்டுவது

செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பும் பலர் கை வைப்பது பராமரிப்பில். கடன் தவணையைத் தள்ளிப்போட முடியாது, வங்கி போன் செய்யும். தேய்ந்த டயர் போன் செய்யாது. அதனால் டயர் தள்ளிப்போகிறது.

கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. வடகிழக்குப் பருவமழையில், தண்ணீர் நிற்கும் ஜி.எஸ்.டி. சாலையில், அந்த ஆழம் இல்லாத டயர் தண்ணீரின் மேல் வழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழசானால் ஏற்காடு மலை இறக்கம் போன்ற இடத்தில் சூடாகி, பிரேக் பெடல் கீழே போகும். 18 அங்குல அலாய் வீலில் மொட்டை டயர் என்பதுதான் கார் பொழுதுபோக்கின் மிக மோசமான காட்சி. பின்னால் பைக்கில் வருபவருக்கும் அதில் ஆபத்து இருக்கிறது.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிடப் பெரியது, விபத்தில் யாருக்காவது ஏதாவது ஆனால் வரும் இழப்பீடு. வேலையில்லாத ஒருவரால் அதைத் தாங்கவே முடியாது.

பழைய வண்டியைப் பிடித்து வைத்திருப்பதும் இலவசமில்லை. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதற்குள் வண்டியைத் தகுதிச் சோதனைக்குத் தயார்செய்யும் செலவு தனி. அப்பா ஓட்டிய எஸ்டீமையோ ஸென்னையோ காப்பாற்ற நினைப்பவர் இதையும் பட்ஜெட்டில் எழுதி வைக்க வேண்டும்.

“அப்படின்னா மொத்தமா நிறுத்திடலாமே?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதித்து, கையில் ஆறு மாதச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லை என்றால், அலங்காரச் செலவை நிறுத்துவதுதான் சரி. அதில் விவாதம் தேவையில்லை.

ஆனால் வேலை இருக்கும்போதே, பயத்தில் எல்லாவற்றையும் அடைத்துப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. ஒருவரின் பொழுதுபோக்குச் செலவு இன்னொருவரின் வருமானம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களைப் பிரித்து விற்பவர், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவரும் ஸ்பீக்கரும் மாட்டித் தருபவர், பேட்டை முனையில் டிங்கரிங், பெயின்டிங் செய்பவர் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. பெரிய நிறுவனம் விற்பனைச் சரிவை நான்கு காலாண்டு தாங்கும். ரெண்டு பையன்களை வேலைக்கு வைத்திருக்கும் ஷெட் ரெண்டு மாதம் தாங்குவதே கஷ்டம். அந்த ஷெட் மூடினால், நல்ல காலம் திரும்பும்போது பழைய வண்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்த கையும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் கார்களைக் காப்பாற்றியதும் அந்த மாதிரிக் கைகள்தான்.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, ஆள்குறைப்பு வதந்தியோடு வீட்டுக்கு வருபவருக்கு, ஞாயிறு காலை வண்டியைத் தானே கழுவி, பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் செலவழிப்பது மருந்து மாதிரி. அதற்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

எப்படிக் குறைத்தால் சரி?

முதல் விதி, பொழுதுபோக்குக்குக் கடன் கிடையாது. கார் கடனாவது வீட்டுத் தேவைக்கும் சேர்த்து எடுத்தது. அலாய் வீலுக்கு ஈ.எம்.ஐ. என்பது வரப்போகும் மாதங்களின் சம்பளத்தை இன்றைக்கே செலவழிப்பது. மாதம் 2,000 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு, சேர்ந்த பிறகு வாங்கலாம். சேர்வதற்குள் ஆசையே மாறிவிட்டால், அதுவும் லாபம்.

இரண்டாவது, கழற்றிய கம்பெனி பாகங்களைப் பரணில் ஏற்றி வைப்பது. ஒரிஜினல் வீல், எக்ஸாஸ்ட், மியூசிக் சிஸ்டம் கையில் இருந்தால், விற்கும் நிலை வந்தால்கூட அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, போட்ட பொருள்களைத் தனியாக விற்கலாம். வண்டிக்கும் நல்ல விலை கேட்கலாம்.

மூன்றாவது, வெட்டும் வரிசை. முதலில் அலங்காரம், பிறகு பவர் கூட்டும் வேலை, பிறகு நீண்ட பயணங்கள். டயர், பிரேக், இன்ஷூரன்ஸ், ஆயில் ஆகியவை கடைசி வரை பட்டியலுக்கே வரக் கூடாது.

நான்காவது, காசுக்குப் பதில் கையைப் பயன்படுத்துவது. ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினல் போன்றவற்றை வீட்டிலேயே பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும். வேகம்தான் வேண்டும் என்றால் டிராக் டேக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார்ட்டிங் போகலாம். அதில் தேய்வது அவர்கள் டயர்.

ஐந்தாவது, விற்பதென்றால் சீக்கிரம் விற்பது. வேலை போவது ஓரளவு உறுதி என்று தெரிந்தால், தவணை தவறும்வரை காத்திருக்கக் கூடாது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது பேரம் பேசுபவருக்கும், மூன்று தவணை பாக்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுபவருக்கும் ஒரே விலை கிடைக்காது. தவணை தவறினால் சிபில் ஸ்கோரும் விழும், அடுத்த வீட்டுக் கடனிலும் அது எதிரொலிக்கும்.

நண்பர்கள் குழுவில் ஒருவர் புது எக்ஸாஸ்ட் போட்டு வீடியோ அனுப்பும்போது, “எனக்கு இந்த வருஷம் வேணாம்பா” என்று சொல்வதுதான் இதிலெல்லாம் கஷ்டமான பகுதி. வட்டி விகிதம் எல்லோருக்கும் புரிகிறது, இந்த ஒரு வாக்கியம்தான் வாயில் வருவதில்லை. அந்தக் குழுவிலேயே இன்னும் ரெண்டு பேர் இதைச் சொல்ல யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கலாம். முதலில் சொல்பவருக்கு மிச்சமாவது அந்த மாதத் தவணை. கூடவே, அடுத்த முறை நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலிருந்து மெயில் வரும்போது, வண்டியை விற்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்க அவருக்கு நேரம் இருக்கும்.